மூலையில் நின்ற மாவு

கடந்த ஜனவரியில் மும்பை சென்று வந்தேன். செவ்வாய்க்கிழமை கோவையில் கிளம்பி, அடுத்த திங்கட்கிழமை திரும்பினேன். ஏழு நாள்களில் நான்கை ரயில் எடுத்துக்கொண்டது. மீதி மூன்று நாள்களும் கடற்கரைப் பக்கமே போகாமல், தாராவியிலும் செம்பூரிலும் ஓர் இயந்திரத்தின் இரண்டு மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகவா அவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்பவர்களுக்கு முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பொறியியல் கல்லூரி ஒன்றில் பாய்ம இயக்கவியல் கற்பிக்கிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் இந்த வலைப்பதிவில் மாவரைக்கும் இயந்திரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். தாராவியில் எஃகுப் பட்டறை வைத்திருக்கும் செல்வராஜுக்கு அவருடைய மனைவி அதை வாசித்துக் காட்ட, அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். இட்லித் தட்டின் குழிகளில் மாவை அளவாக ஊற்றும் இயந்திரம் செய்யப்போகிறார். மாவுத் தொட்டிக்கும் வெளிவாய்க்கும் நடுவே உள்ள பகுதிக்கு ஒரு வரைபடம் வேண்டும். அந்தப் பகுதியை அவர் கழுத்து என்பார். நானும் அப்படியே சொல்கிறேன். வரைந்து அனுப்பினேன். 120 மி.மீ. அகலமுள்ள பாதை, செங்கோணப் படி ஒன்றில் சட்டென்று 24 மி.மீ. ஆகக் குறுகும். தகட்டை வளைப்பது எளிது, வெல்டிங்கும் குறைவு. கூடவே, இயந்திரத்தைப் பயன்படுத்திக் கழுவும் முறையைப் பதினோரு விதிகளாகத் தட்டச்சு செய்து, ஒரே தாளில் அடங்கும்படி அனுப்பினேன்.

இரண்டு இயந்திரங்கள் செய்யப்பட்டன. ஒன்றை செல்வராஜின் அக்கா பேச்சியம்மாள் வைத்துக்கொண்டார். தாராவியில் இட்லி அவித்து விற்பவர். மற்றொன்று செம்பூரில் கிருஷ்ணமூர்த்தி நடத்தும் சமையல்கூடத்துக்குப் போயிற்று. அங்கிருந்து பல அலுவலகங்களுக்குக் காலைச் சிற்றுண்டி செல்கிறது. தாராவி இயந்திரத்தைப் பற்றி ஒரு குறையும் வரவில்லை. செம்பூரில் இரண்டே வாரத்தில் இட்லியில் புளித்த வாடை என்று தட்டுகள் திரும்பி வந்தன. கிருஷ்ணமூர்த்தி எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நான் யோசித்தேன். ஒரே அமைப்பு, ஒரே வகை மாவு, ஓரிடத்தில் வாடை இருக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை. ஆகவே வேறுபாடு கழுவுவதில்தான் இருக்க வேண்டும். "பதினோரு விதிகளும் முறையாகப் பின்பற்றப்பட்டால், மாவு தங்கிப் புளிக்க வாய்ப்பே இல்லை" என்று கையொப்பமிட்டுப் பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டிசம்பர் மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு பிற்பகல், அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சார், நான் ஜெபக்கனி பேசுதேன். செம்பூர் கேட்டரிங்ல அந்த மெஷினக் கழுவுன ஆளு. ஒங்க பேப்பர்ல இருக்க பதினொண்ணையும் நான் செஞ்சேன். பன்னெண்டாவதா ஏதும் விட்டுப்போச்சுன்னா சொல்லுங்க, அதையும் செஞ்சிருதேன்."

பன்னிரண்டாவது என்று ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்ப நான் பொய் சொல்லுதேன்னுதான ஆவும்?" என்றார். குரலில் அழுகை இல்லை. ஒரு கேள்வியை முடித்துவைக்கும் தொனிதான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்தச் சமையல்கூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறார். இயந்திரத்திலிருந்து எடுத்து அவரைப் பாத்திரம் துலக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். வாடை தொடர்வதால், அவர் முன்பே மாவுத் தொட்டியைக் கெடுத்துவிட்டார் என்று பேச்சு. ஜனவரி மூன்றாம் சனிக்கிழமையோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை என் பழைய கோப்பைத் திறந்தேன். கழுத்தின் மாதிரியை நான் சோதித்திருந்தேன்தான். ஆனால் சாயம் கலந்த தண்ணீரில். தண்ணீர் அந்தப் படியின் மூலைகளில் அழகாகச் சுழன்று, சாயத்தைத் தானே கழுவிக்கொண்டு வெளியேறியது. அதைப் பார்த்து "மூலைகள் தூய்மையாக உள்ளன" என்று எழுதிவைத்திருக்கிறேன். தண்ணீரை எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் நகரும். இட்லி மாவு அப்படியல்ல. பற்பசையைப் போல, ஒரு குறிப்பிட்ட அளவுக்குமேல் தள்ளினால்தான் அது பாயும். அதற்குக் குறைந்தால் திடப்பொருள்போல நின்றுவிடும். நியூட்டன் சொன்ன எளிய விதிக்கு அடங்காத இத்தகைய பாய்மங்களை ஆண்டுதோறும் ஆறு வகுப்புகளில் நடத்துகிறேன். இருந்தும் சோதனைக்குத் தண்ணீரையே எடுத்திருக்கிறேன், குழாயைத் திறந்தால் வருகிறது என்பதற்காக.

மாவைக் கொண்டு சோதிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: உள்ளே நடப்பது தெரியாது. ஆகவே மாவைப்போலவே நடந்துகொள்ளும், ஆனால் கண்ணாடிபோல் தெளிந்த ஒன்று வேண்டும். தலைமுடிக்குத் தடவும் ஜெல் அப்படிப்பட்டது. அதைத் தண்ணீரோடு சம அளவில் மெதுவாகக் கலந்து, குமிழிகள் மேலேறும்வரை ஓர் இரவு வைத்துவிட்டால் போதும். கோவையிலேயே அக்ரிலிக் தகட்டில் கழுத்தின் ஒளி ஊடுருவும் மாதிரி ஒன்றையும், அதன் உள்வடிவத்தை மாற்றுவதற்கு மூன்று ஜோடிச் செருகுகளையும் வெட்டிக்கொண்டேன்: செங்கோணப் படி, 45 பாகைச் சரிவு, நீண்டு குறுகும் சரிவு. செலவு ரூ.1,450. மூன்று கிலோ ஜெல்லை விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், அதனால்தான் ரயில்.

காலை 8.50க்குக் கோவையில் ஏறினால், மறுநாள் மாலை குர்லா முனையத்தில் இறங்கலாம். எனக்கு 40 நிமிடம் தாமதம். மூன்றடுக்கு ஏசியில் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை கிடைத்தது. உடையக்கூடிய பொருள் கொண்டுபோகிறவர்களுக்கு அதுவே உகந்தது; காலடியில் வைத்துக்கொண்டு கண்காணிக்கலாம். குர்லாவிலிருந்து மாட்டுங்காவுக்கு டாக்ஸியில் ரூ.190. அட்டைப் பெட்டியை மடியில் வைத்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர், "காச் ஹை க்யா, சாப்?" என்றார். கண்ணாடி இல்லை, இட்லி மெஷின் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அதன்பின் வழிநெடுக அவர் வேகத்தடைகளில் பெட்டிக்காகவே மெதுவாக ஏறி இறங்கினார்.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஐந்து நிமிட நடையில் விடுதி. ஒரு நாளைக்கு ரூ.1,800, வெந்நீர் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை மட்டும். அறையிலிருந்த வாளியில் ஜெல்லையும் தண்ணீரையும் கலந்து மூடிவைத்தேன். (அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் தலையில் அவ்வளவு ஜெல்லுக்கு வேலை இல்லை என்பது வெளிப்படை.)

வியாழக்கிழமை காலை 9.15க்குத் தாராவிக்குப் போனேன். நடந்தால் 30 நிமிடம். வாளியும் பெட்டியும் இருந்ததால் டாக்ஸியில் ரூ.45. செல்வராஜின் பட்டறை தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. நாற்பத்தைந்து வயது, குட்டையான, கனத்த தோள்கள் கொண்ட மனிதர். பிறந்ததே தாராவியில்தான்; ஆனாலும் பேச்சு திருநெல்வேலியாகத்தான் வருகிறது.

"வாங்க சார், வாங்க. ரயில்ல நல்லாத் தூங்குனியளா? அரே, இந்த வாளிய நீங்களா தூக்கிட்டு வந்திய? ஒரு போன் போட்டா நான் வந்திருக்க மாட்டேனா?"

மினுமினுக்கும் அப்ரகப் பொடி வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். விநாயகர் சிலைகளுக்குப் பூசும் பொடியை வாங்கிவைத்திருந்தார். 100 கிராம் ரூ.60. அதில் ஒரு சிட்டிகையை ஜெல்லில் கலந்தேன். பிறகு செல்வராஜ் பேச்சியம்மாளின் இயந்திரத்திலிருந்து எஃகுக் கழுத்தை அவிழ்த்து, அதே இடத்தில் என் அக்ரிலிக் கழுத்தைச் செங்கோணப் படியோடு பொருத்தினார். கறுப்புத் தாளில் 2 மி.மீ. கீறல் போட்டு, அதன் வழியாக டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தினேன். எதிரே முக்காலியில் கைப்பேசி. ஒவ்வொரு படமும் நான்கு விநாடிகள் ஒளியை வாங்கும். இதைப் புரிந்துகொண்டால் போதும்: அந்த நான்கு விநாடிகளில் நகரும் துகள் படத்தில் கோடாக விழும், நிற்கும் துகள் புள்ளியாக விழும். கோடு இருந்தால் அங்கே ஓட்டம்; புள்ளி இருந்தால் அங்கே தேக்கம்.

இயந்திரத்தை இயக்குவதற்குப் பேச்சியம்மாளே வந்தார். காலை வியாபாரம் முடிந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தவர், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏல செல்வம், இது என்னத்தலே? பளபளன்னு இருக்கு?"

"தலைக்குப் போடுத ஜெல்லுக்கா."

"அதுல இட்லி வேவுமா?"

"வேவாது. பாக்கத்தான் செய்யலாம். நீ மிதி. சார் சொல்லும்போது நிப்பாட்டு."

அவர் வலது காலால் இயந்திரத்தின் மிதிகட்டையை மிதித்துப் பிடிக்க, ஜெல் கழுத்தின் வழியே இறங்கியது. ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டு பதினொரு படங்கள் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நடுவே நீண்ட, நேரான கோடுகள். அதோடு, எதிர்பார்த்ததற்கு மாறாக, இரண்டு மூலைகளிலும் கோடுகள் இருந்தன, குட்டையாக, கோணல்மாணலாக. ஆனால் கோடுகள்தான். அதாவது மூலைகளில் ஓட்டம் இருக்கிறது, அங்கே எதுவும் தேங்குவதில்லை. நான் எழுதிய கடிதம் சரி.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: எனக்கு அந்த நேரத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஜெபக்கனிக்கு என்ன சொல்வது என்பதைவிட, என் கணக்கு பிழையாகவில்லை என்பதே முதலில் மனத்தில் வந்தது.

ஆனால் படங்கள் தெளிவாக இல்லை. எல்லாக் கோடுகளும் லேசாக நடுங்கியிருந்தன. தெளிவில்லாத படத்தை ஆதாரமாக வைக்கக் கூடாது என்பது நான் மாணவர்களிடம் சலிக்காமல் சொல்வது. எங்கிருந்து இந்த நடுக்கம் என்று சுற்றிப் பார்த்தேன். பேச்சியம்மாள் மிதித்துப் பிடிக்கும்போதே, அவருடைய இடது கை தொட்டியின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால், டொக், டொக் என்று.

"அம்மா, இயந்திரத்தைத் தட்டக் கூடாது. தாளில் ஏழாவது விதியாகவே போட்டிருக்கிறேன்."

"எந்தத் தாளு?" என்றார்.

செல்வராஜ் சிரித்துவிட்டார். "அக்காவுக்குத் தமிழ் வாசிக்க வராது சார். இங்க முனிசிபாலிட்டி இஸ்கூல்ல இந்தி படிச்சவ. நானும் படிச்சுச் சொல்லல."

இட்லி மாவைக் கரண்டியால் ஊற்றிய காலத்தில், காற்றுக் குமிழி போவதற்காகத் தட்டின் விளிம்பில் தட்டிய கை அது. இயந்திரம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் அப்படியே தொட்டிக்கு மாறியிருக்கிறது. இனித் தட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். மிதித்தார். டொக், டொக்.

"யக்கா!"

"நான் எங்கல தட்டுனேன்?"

"இப்பந்தான தட்டுன."

"அது தானாப் போவுது. நான் என்ன செய்ய? வேணும்னா கைய வெட்டிப் போடு."

செல்வராஜ் வெளியே போய் ஒரு கட்டிங் சாய் வாங்கிவந்து, சூடான கண்ணாடித் தம்ளரை அக்காவின் இடது கையில் கொடுத்தார். "இதச் சிந்தாமப் பிடிச்சுக்க. சிந்துனா வேற கெடையாது." பேச்சியம்மாள் தம்ளரின் மேல் பார்வையை வைத்துக்கொண்டு மிதித்தார். தேநீர் சிந்தவில்லை. நான் பன்னிரண்டாவது படத்தை எடுத்தேன்.

பெரிதாக்கினேன். நடுவே கோடுகள் கத்தியால் கீறியதுபோலத் தெளிவாக இருந்தன. இரண்டு மூலைகளிலும் கோடே இல்லை. வெறும் புள்ளிகள். வானத்து நட்சத்திரங்களை எடுத்த படம்போல, நூற்றுக்கணக்கான புள்ளிகள் அசையாமல் நின்றன.

இன்னும் ஆறு படங்கள் எடுத்தேன், எல்லாவற்றிலும் புள்ளிகள். தம்ளரை வாங்கி வைத்துவிட்டு, வழக்கம்போலத் தட்டச் சொன்னேன். மூலைகளில் கோடுகள் திரும்பி வந்தன. தட்டும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி மூலையிலுள்ள ஜெல்லை இளக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருக்கிறது. தட்டாவிட்டால் அது கல்போல நிற்கிறது.

 செல்வராஜ் கேட்டார்: "அப்ப செம்பூர்ல ஏன் சார் புளிச்சுது?"

"அங்கே அந்தம்மா தட்டியிருக்க மாட்டார். விதியைப் படித்திருக்கிறார்."

என் விதிகளைப் படிக்காதவரின் இயந்திரம் சுத்தமாக இருந்தது. படித்து, ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தவரின் மேல் பழி விழுந்தது. இதை நான் எத்தனை முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தும், அந்த வாக்கியத்தில் எனக்குச் சாதகமாக மாற்றக்கூடிய சொல் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜெல்லில் கண்டதை மாவிலும் காண்பிக்காமல் செம்பூர் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். பேச்சியம்மாள் தந்த மாவை முதலில் வெள்ளையாக ஊற்றினோம். அடுத்து, அதே மாவில் மஞ்சள்தூள் கலந்து, தட்டாமல், நாற்பது முறை மிதிக்கச் செய்தோம். கழுத்தின் நடுப்பகுதி முழுவதும் மஞ்சளானது. மூலைகளில் மட்டும் வெள்ளை அப்படியே நின்றது. பிறகு என் பதினோரு விதிகளின்படி கழுவினோம். ஆறாவது லிட்டரிலேயே தண்ணீர் தெளிவாக வெளியே வந்தது. வெளிவரும் தண்ணீர் தெளிந்தால் கழுவியாயிற்று என்பது ஒன்பதாவது விதி. உள்ளே இரண்டு மூலைகளிலும் கட்டைவிரல் நகமளவு வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. தண்ணீர் நடுவழியே போய்விட்டது. எஃகுக் கழுத்தாக இருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை முழுவதும் செருகுகளை மாற்றிப் பார்த்தோம். 45 பாகைச் சரிவில் பெரும்பகுதி கோடுகளாயின. ஆனால் சரிவு தொடங்கும் மேல் முனையில் ஒரு மெல்லிய புள்ளிக்கூட்டம் மிச்சமிருந்தது. நீண்டு குறுகும் சரிவில், தட்டாமலே, ஒரு புள்ளியும் இல்லை. கழுத்தின் உயரம் 90 மி.மீ. கூடுகிறது, இயந்திரத்தின் கால்களை அவ்வளவு உயர்த்த வேண்டும். செல்வராஜ் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. "கால உசத்துறது ஒரு வேலையா சார்? வெட்டி ஒட்டுனா முடிஞ்சுது. ரெண்டு மெஷினுக்கும் புதுக் கழுத்து ரெண்டு நாளுல பக்கா" என்றார். சற்று யோசித்துவிட்டு, "மொதல்லயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அந்த மூலை கொஞ்சம் கூராத் தெரிஞ்சுது. புரொபசர் போட்டது, நம்ம என்ன சொல்ல அப்பிடின்னு விட்டுட்டேன்" என்றார். என்னைக் குத்துவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது.

சனிக்கிழமை செம்பூர். அன்றுதான் ஜெபக்கனியின் கடைசி நாள். கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தில் துறைமுக வழித்தட ரயிலேறி, வடாலாவில் மாறி, செம்பூரில் இறங்கலாம், பயணச்சீட்டு ரூ.10, காத்திருப்பையும் சேர்த்து 35 நிமிடம். காலை ஏழரைக்கு முன்பும் பதினொன்றுக்குப் பின்பும் நிற்க இடம் இருக்கும். நான் 11.20க்கு ஏறினேன், செல்வராஜ் பைக்கில் தன் கருவிகளோடு வந்து சேர்ந்தார்.

கிருஷ்ணமூர்த்தி மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். வங்கி வேலையை விட்டுவிட்டு இந்தச் சமையல்கூடத்தைத் தொடங்கியவர். மரியாதையாக வரவேற்று, டவராவில் காப்பி கொடுத்தார். "ஸார், நீங்க இவ்ளோ தூரம் வந்திருக்க வேண்டாம். உங்க லெட்டர் ஒண்ணே போதுமே, தெளிவா எழுதியிருந்தேளே" என்று சுவரைக் காட்டினார். இயந்திரத்துக்கு மேலே, கண் மட்டத்தில், ஈரம் படாமலிருக்கப் பிளாஸ்டிக் உறையிட்டு என் கடிதம் ஒட்டியிருந்தது. "வாய்ப்பே இல்லை" என்ற சொற்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். கோடு நான் போட்டதல்ல. சொற்கள் என்னுடையவை.

ஜெபக்கனி பாத்திரம் துலக்கும் தொட்டியிலிருந்து எழுந்து வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லியான உருவம். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

நான் படங்களைக் காட்டினேன். கோடு, புள்ளி, தட்டுதல், தட்டாமை என்று வரிசையாக விளக்கினேன். கிருஷ்ணமூர்த்தி கவனமாகக் கேட்டுவிட்டு, "இது ஜெல்லுன்னா ஸார்? நம்ம மெஷின்ல அப்படித்தான்னு எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். நியாயமான கேள்வி, அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். கழுத்தை அவிழ்க்கச் சொன்னேன்.

"பேப்பர்ல நாலாவதுல போட்டிருக்கு, அதத் தொறக்கக் கூடாதுன்னு," என்றார் ஜெபக்கனி.

"ஆமாம், நான்தான் போட்டேன். திறக்கலாம்."

செல்வராஜ் நான்கு போல்ட்டுகளை அவிழ்த்துக் கழுத்தைக் கவிழ்த்தார். நடுப்பகுதி பளபளவென்று இருந்தது. இரண்டு மூலைகளிலும் சாம்பல் நிறத்தில், விரல் கனத்துக்கு, இறுகிய மாவு. வாடை உடனே வந்துவிட்டது. கிருஷ்ணமூர்த்தி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"நகராதீங்க சார்," என்றார் ஜெபக்கனி. குரல் உயரவில்லை. "பக்கத்துல வந்து மோந்து பாருங்க. அன்னிக்கு அத்தன பேரு முன்னால என் கையப் புடிச்சு மோந்து பாத்தீங்கள்ல, சோப்பு வாசன வருதான்னு. இதையும் பாருங்க."

அடுப்புப் பக்கம் இருந்த இரண்டு பெண்கள் கரண்டியை நிறுத்தினார்கள்.  கிருஷ்ணமூர்த்தி குனிந்து, அந்தக் கழுத்தை முகத்தருகே கொண்டுபோய், உண்மையாகவே மோந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"தப்புதாம்மா," என்றார். "பண்ணியிருக்கப்படாது."

"எம்மேல தப்புன்னு சொன்னது நீங்க மட்டும் இல்ல," என்று சொல்லிவிட்டு, அவர் என்னைப் பார்த்தார்.

மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். தட்டச்சு செய்ய வசதி இல்லை, கையால் எழுதினேன். பதினோரு விதிகளும் முறையாகப் பின்பற்றப்பட்டிருந்தன. மாவு தங்கியதற்குக் காரணம் கழுத்தின் வடிவம். அந்த வடிவத்தை வரைந்தவன் நான். என் முந்தைய கடிதம் பிழையானது. அதை நான் மாவில் சோதிக்காமல் எழுதினேன். கீழே கையொப்பம், தேதி. கிருஷ்ணமூர்த்தி வாசித்துவிட்டு, அலுவலகக் கோப்பில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"கோப்புல வேண்டாம்," என்றார் ஜெபக்கனி. "அந்தப் பேப்பர் இருக்க அதே எடத்துல ஒட்டுங்க. அங்க நின்னுதான் எல்லாரும் படிச்சாங்க."

பழைய கடிதத்தை நானே உரித்தேன். பிளாஸ்டிக் உறை சுவரில் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சுண்ணாம்பும் கூடவே வந்தது. புதியதை ஒட்டும்போது இடப்பக்கம் சற்றுச் சரிந்துவிட்டது. ஜெபக்கனி எட்டி அதை நேராக்கினார். "திங்கள்லேர்ந்து நீயே மெஷின்ல நில்லும்மா," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "புதுக் கழுத்து வரட்டும் சார், நிக்கேன்," என்று சொல்லிவிட்டு, ஊறிக்கொண்டிருந்த பாத்திரங்களிடம் திரும்பிப் போனார். தட்டக் கூடாது என்ற ஏழாவது விதியை என்ன செய்வது என்று கடைசியாக செல்வராஜ் கேட்டார். அடித்துவிடலாம் என்றேன்.

இனி, இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். ஜனவரி நல்ல மாதம். பகலில் பட்டறைகளுக்குள் வெக்கை தாங்கக்கூடியதாக இருக்கும். தாராவிப் பட்டறைகளுக்கு, தெரிந்தவர் இல்லாமல் கேமராவோடு போகாதீர்கள். அது மற்றவர் வேலை செய்யும் இடம், காட்சிக்கூடம் அன்று. மாட்டுங்காவில் காலைச் சிற்றுண்டி ரூ.120க்குள் முடியும், ஞாயிறு மட்டும் வரிசையில் 25 நிமிடம் நிற்க வேண்டும். ஏழு நாள்களுக்கு, சோதனைப் பொருள்களையும் சேர்த்து, எனக்கு ரூ.14,300 ஆயிற்று. ஓட்டத்தைப் படமெடுக்க விரும்பும் மாணவர்கள் நான்கு விநாடி ஒளியில் தொடங்கலாம். ஆனால் படத்தைப் பார்ப்பதற்கு முன், அந்தக் கருவியை நாள்தோறும் இயக்குபவரின் இரண்டு கைகளும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். எனக்குத் தேவையான விடை ஓர் இடது கையில் இருந்தது. நான் அதைப் படத்தைக் கெடுக்கும் குறையாக நினைத்தேன்.

இன்னும் ஒன்று. விதிகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்ட அனுப்புகிறவர்கள், கீழே உங்கள் தொலைபேசி எண்ணைப் போடுங்கள். நான் வழக்கமாகப் போடுவதில்லை. அந்தத் தாளில் பதினோராவது விதிக்குக் கீழே ஒரு வரி அளவுக்கு இடம் மிச்சமிருந்தது. வெறுமையாக விடுவது சரியாகப் படவில்லை என்பதால் போட்டேன்.